வேலை கேட்பது பிச்சை கேட்பதா?

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி, கதவைத் தட்டுமுன்பே ஜன்னலில் ஒரு வெளிச்சத்தைப் பார்க்கிறான். மணி ஐந்து இன்னும் ஆகவில்லை. உள்ளே பி.இ. படித்த மகன் லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருக்கிறான். இரவெல்லாம் மனுப் போட்டிருக்கிறான். அப்பன் வரும் சத்தம் கேட்டதும் அதை மூடி வைத்துவிட்டுப் பாயில் படுத்துத் தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறான். அப்பனும் எதையும் பார்க்காதவன்போல் போய்க் கைகால் கழுவிக்கொள்கிறான்.

இருவருக்கும் எல்லாம் தெரியும். இருவரும் பேசுவதில்லை.

இந்த மௌனத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வந்திருக்கிறோம். இது ஒரு வீட்டுக் கதையல்ல. பம்மலிலும், அனகாபுத்தூரிலும், குன்றத்தூரிலும், தாம்பரத்திலும் உழைப்பாளி மக்களின் வீடுகளில் இது நடக்கிறது. கார் பாகங்களை லேத்தில் கடைந்தவனும், பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவனும், படப்பைப் பக்கத்து வயலில் நாற்று நட்டவளும் பிள்ளையைப் படிக்க வைத்தார்கள். தாலிச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. பாங்கில் கல்விக் கடன் ஏறிற்று. “நம் கையில் ஏறிய கிரீஸ் பிள்ளையின் கையில் ஏறக்கூடாது” என்ற ஒரே ஆசைதான் காரணம். தாம்பரத்தில் 1984-ம் ஆண்டில் ஏற்றுமதி வளாகம் வந்தது. தரமணியில் 2000-ம் ஆண்டில் டைடல் பார்க் வந்தது. அந்தக் கண்ணாடிக் கட்டிடங்களைப் பஸ்ஸிலிருந்து காட்டி, “நீயும் ஒருநாள் இதற்குள்ளே போவாய்” என்று சொல்லிச் சொல்லியே பிள்ளையை வளர்த்தோம்.

இன்று பிள்ளை படித்துவிட்டான். கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. சிலருக்குத் திறந்து, உள்ளே விட்டு, பிறகு பின்வாசல் வழியாக வெளியே தள்ளிவிட்டது.

இரண்டு பொய்கள் உலவுகின்றன

இந்தத் துயரத்தைப் பற்றி இரண்டு பொய்கள் ஊரில் உலவுகின்றன. ஒன்று மேலிருந்து வருகிறது: “வேலை இருக்கிறது, பையன்களுக்குத்தான் திறமை இல்லை” என்கிறது முதலாளி வர்க்கம். மற்றொன்று நம் பக்கத்திலிருந்தே வருகிறது: “கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஏ.சி. அறையில் உட்கார்ந்தவன் அழுதால் நமக்கென்ன? மில் மூடியபோது அவன் நமக்காக அழுதானா?” என்று கேட்கிறார்கள் நம் தோழர்களில் சிலர்.

முதல் பொய் நம் பிள்ளைகளின் மனத்தைக் கொல்கிறது. இரண்டாவது பொய் நம் கையைக் கட்டிப் போடுகிறது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

திறமை ஒரே இரவில் எங்கே போயிற்று?

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் டி.சி.எஸ். கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. தன்னுடைய ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்களில் நூற்றுக்கு இரண்டு பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, அந்த நிதியாண்டில் வெளியே அனுப்பப் போவதாகச் சொன்னது. பெரும்பாலும் நடுத்தர, மேல்மட்டப் பொறுப்பில் உள்ளவர்கள்தான். காரணம் கேட்டபோது, திறமை வேலைக்குப் பொருந்தவில்லை என்றார் கம்பெனியின் தலைமை நிர்வாகி.

அதே கம்பெனி அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் ஈட்டிய நிகர லாபம் 12,760 கோடி ரூபாய். தோழர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே தள்ளப்படும் 12,000 பேருக்கும் இந்த மூன்று மாத லாபத்தைப் பங்கிட்டால் தலைக்கு ஒரு கோடிக்கு மேல் வருகிறது! நஷ்டத்தில் மூழ்குகிறவன் பாரத்தைக் குறைத்தான் என்றால் ஒரு பேச்சு உண்டு. இவர்கள் எந்த வெள்ளத்தில் மூழ்கினார்கள் என்று கேட்கிறோம். பத்து வருஷம், இருபது வருஷம் இவர்களுடைய மூளையைக் கசக்கித்தானே அந்த லாபம் வந்தது? நேற்றுவரை பொருந்திய திறமை இன்று காலையில் எப்படிப் பொருந்தாமல் போயிற்று?

அதற்கு முன், 2025 பிப்ரவரியில், இன்போசிஸ் கம்பெனி தன் மைசூர் பயிற்சி நிலையத்திலிருந்து இளைஞர்களை வெளியேற்றியது. நிர்வாகமே ஒப்புக்கொண்ட கணக்கு 300-க்கு மேல். பரீட்சையில் மூன்று முறை தேறவில்லை என்று காரணம் சொன்னார்கள். அந்த இளைஞர்களில் பலருக்கு 2022-லேயே வேலை உத்தரவு கையில் கொடுக்கப்பட்டிருந்தது. இதோ கூப்பிடுகிறோம், அதோ கூப்பிடுகிறோம் என்று இரண்டு வருஷத்துக்கு மேல் காக்க வைத்தார்கள். 2024-ம் ஆண்டின் பிற்பகுதியில் அழைத்து, சில மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். காத்திருந்த காலத்தில் அந்தப் பிள்ளைகள் எதைத் தின்றார்கள், கடனுக்கு வட்டியை யார் கட்டினார்கள் என்று எந்த நிர்வாகமாவது கேட்டதா?

கடல் தாண்டியும் இதே கதைதான். 2022 நவம்பரில் மெட்டா கம்பெனி 11,000 பேரை நீக்கியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை நீக்கியது. 2025 அக்டோபரில் அமேசான் 14,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. உலகத்திலேயே பணம் கொழிக்கும் கம்பெனிகள் இவை. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் எல்லாருக்கும் மண்டை மழுங்கிவிட்டதா என்ன? ஏ.ஐ. என்ற புது யந்திரத்தைக் காட்டி இப்போது பயமுறுத்துகிறார்கள். யந்திரத்தின் மேல் நமக்குப் பகை இல்லை. பத்துப் பேர் வேலையை ஐந்து பேர் செய்ய யந்திரம் உதவுமானால், பத்துப் பேருக்கும் வேலை நேரத்தைக் குறைக்கலாம். ஐந்து பேரைத் தெருவில் நிறுத்துவது யந்திரமல்ல, யந்திரத்தின் சொந்தக்காரன்.

மில் தொழிலாளித் தோழனே, உனக்கு இது புதிதல்ல. சென்னையில் பி அண்ட் சி மில் 1996-ல் மூடப்பட்டபோது, அங்கே தறி ஓட்டியவனுக்குத் திறமை இல்லாமலா போயிற்று? ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் செல்போன் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றபோது, ஆயிரக்கணக்கான இளம் பெண்களின் கைவிரல்கள் ஒரே இரவில் மரத்துப் போயினவா? மறைமலைநகர் போர்டு ஆலை 2022-ல் கடைசிக் காரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியபோது குற்றம் தொழிலாளியுடையதா? “திறமை இல்லை” என்பது ஆட்குறைப்புக்குப் போட்ட முகமூடி. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பதிலித் தொழிலாளியும் பெஞ்சும்

மில்லில் பதிலியாக இருந்தவர்களுக்குத் தெரியும். காலையில் சங்கு ஊதுமுன் கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி எவனாவது வராவிட்டால் மேஸ்திரி கை காட்டுவான். கை காட்டாவிட்டால் அன்று அடுப்பு எரியாது.

கண்ணாடிக் கட்டிடத்தில் இதற்குப் பெயர் “பெஞ்ச்”. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை ஒதுக்கப்படும்வரை ஊழியன் பெஞ்சில் இருக்கிறான் என்பார்கள். 2025 ஜூன் மாதம் டி.சி.எஸ். கொண்டுவந்த விதிப்படி, வருஷத்தில் 225 நாள் வாடிக்கையாளரிடம் கூலி வாங்கித் தரும் வேலையில் ஊழியன் இருக்க வேண்டும், 35 நாளுக்கு மேல் பெஞ்சில் இருக்கக்கூடாது. வேலை கொண்டுவர வேண்டியது நிர்வாகம். வேலை வராவிட்டால் தண்டனை ஊழியனுக்கு! மழை பெய்யாத குற்றத்துக்குப் பண்ணையாளைக் கட்டி வைத்து அடித்த மிராசுதாருக்கும் இவர்களுக்கும் என்ன பேதம்?

வெளியே அனுப்பும் முறையிலும் ஒரு பித்தலாட்டம் இருக்கிறது. நேராக ஆட்குறைப்புச் செய்தால் சட்டப்படி ஒரு மாத நோட்டீசு, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்று கொடுக்க வேண்டும். ஆகவே, ஊழியனைத் தனி அறைக்குக் கூப்பிடுகிறார்கள். “நீயாக ராஜினாமா எழுதிக்கொடு. இல்லாவிட்டால் நன்னடத்தைக் கடிதம் கெட்டுப்போகும், வேறு எங்கேயும் உனக்கு வேலை கிடைக்காது” என்கிறார்கள். பயந்துபோய்க் கையெழுத்துப் போடுகிறான். அந்தக் கையெழுத்தோடு அவனுடைய உரிமை போய்விடுகிறது. தானாக விலகினான் என்று ஏட்டில் பதிவாகிறது. வீட்டிலும் அவன் உண்மையைச் சொல்வதில்லை. வழக்கம்போல் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, தாம்பரம் ரயில் நிலையத்து பெஞ்சில் பகலைக் கழித்துவிட்டு மாலையில் வருகிற பிள்ளைகள் உண்டு.

மனத்தை உடைக்கும் முறை

வேலை தேடுவது எப்படி நடக்கிறது என்று நம் தோழர்கள் பலருக்குத் தெரியாது. “அலைந்து திரிந்தால் கிடைக்காதா?” என்று கேட்கிறார்கள். அலைவதற்குத் தெரு இல்லை. மனுவை முதலில் படிப்பது பல இடங்களில் மனிதனே இல்லை, யந்திரம். நூறு மனுப் போட்டால் தொண்ணூறுக்குப் பதிலே வராது. “இல்லை” என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட ஆள் இல்லை. பதில் வந்தால் பரீட்சை. பரீட்சை முடிந்தால் மாதிரி வேலை ஒன்று செய்து காட்டு என்பார்கள். இரண்டு நாள், மூன்று நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். பிறகு ஒரு பேட்டி, இன்னொரு பேட்டி, அதற்கு மேல் ஒன்று. கடைசியில், “நடுவில் ஒரு வருஷம் ஏன் சும்மா இருந்தாய்?” என்று கேட்பார்கள். வேலை கொடுக்காதவனே, ஏன் வேலையில்லாமல் இருந்தாய் என்று கேட்கிறான்!

இந்தப் பசியை வைத்துப் பிழைக்கும் கழுகுகள் வேறு. முன்பணம் கட்டினால் வேலை என்று ஏமாற்றும் ஏஜெண்டுகளைச் சொல்கிறோம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துச் சென்று, மியான்மர் எல்லையில் அடைத்து வைத்து, ஆன்லைன் மோசடி செய்யும்படி அடித்து வதைத்த கொடுமையிலிருந்து தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டு வந்தார்கள். படித்த பிள்ளைகள் ஏன் இப்படி ஏமாந்தார்கள் என்று கேட்காதீர்கள். எல்லாக் கதவும் சாத்தியிருக்கும் வீட்டில் எரிகிற பக்கத்து ஜன்னலும் வழியாகத்தான் தெரியும்.

இப்படி மாதக்கணக்கில் நடந்தால் மனம் என்னவாகும்? முதலில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது நிற்கும். பிறகு நண்பர்களின் போன் எடுப்பது நிற்கும். பிறகு பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடக் கூசுவான். இன்னொரு தோசை வேண்டுமா என்று அம்மா கேட்டால், சம்பாதிக்காதவனுக்கு எதற்கு என்று அவனுக்கே தோன்றும். பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் கொடுமை. “வேலைதான் கிடைக்கவில்லையே, கட்டிக் கொடுத்துவிடலாம்” என்று அவள் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம்.

ஆஸ்திரியா தேசத்தில், வியன்னா நகரத்துக்குப் பக்கத்தில், மரியந்தால் என்று ஒரு மில் ஊர் இருந்தது. உலக நெருக்கடி வந்தபோது, 1930-ஐ ஒட்டி, மில் மூடப்பட்டது. ஊரே வேலையிழந்தது. மரி யகோதா என்ற பெண்ணும் அவருடைய தோழர்களும் 1931-லும் 1932-லும் அந்த ஊரை ஆராய்ந்து 1933-ல் நூலாக வெளியிட்டார்கள். வேலை இல்லாததால் நேரம் மிஞ்சியது. ஆனால் ஊர் நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டன. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். நடை தளர்ந்திருந்தது. காரணமில்லாமல் நின்று நின்று போனார்கள். அரசியல் சங்கங்களுக்கு வருவதும் குறைந்திருந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வேலையில்லாதவன் தானாகவே கொதித்தெழுவான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை, தோழர்களே. தனியாக விடப்பட்டவன் எழுவதில்லை. அவன் சுருண்டுபோகிறான். எல்லாக் கோபத்தையும் தன் மேலேயே திருப்பிக்கொள்கிறான்.

அதனால் முதலாளிக்கு நஷ்டமில்லை, லாபம்தான். கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்டபோது மிராசுதார் என்ன செய்தான்? வெளியூர் ஆட்களை இறக்கி, “இவர்கள் குறைந்த கூலிக்கு வரத் தயார்” என்றான். 1867-ல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் பாகத்தில் மார்க்ஸ் இதற்குச் சேமப் பட்டாளம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். வாசலில் வேலையற்றோர் பட்டாளம் நின்றால்தான் உள்ளே இருப்பவன் வாய் திறக்கமாட்டான். பெரிய சாப்ட்வேர் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் இளைஞனுக்கு வருஷத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற சம்பளம் பத்து வருஷத்துக்கு மேலாக ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. இந்தப் பத்து வருஷத்தில் வீட்டு வாடகை நின்றதா? அரிசி விலை நின்றதா? உன் மகனுடைய கூச்சத்தையும் பயத்தையும் கொண்டுதான் இன்னொருத்தன் மகனுடைய சம்பளத்தை அமுக்கி வைத்திருக்கிறார்கள்.

மனம் உடைந்தவனைப் பார்த்து, “மூச்சுப் பயிற்சி செய், நல்லதையே நினை” என்று உபதேசம் செய்கிறார்கள் கனவான்கள். மருத்துவ உதவி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் உடனே 14416 என்ற டெலி-மானஸ் எண்ணைக் கூப்பிட வேண்டும். அதில் வெட்கம் எதுவும் இல்லை. உயிர் இருந்தால்தான் போராட்டம். ஆனால் காலில் முள்ளைக் குத்திவிட்டு, வலிக்காமல் நடக்கப் பழகிக்கொள் என்று சொல்வது வைத்தியமல்ல.

வீட்டுக்குள்ளே நாம்

இனி நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “பக்கத்து வீட்டுப் பையன் அமெரிக்காவிலே இருக்கிறான், நீ அப்பன் சோற்றைத் தின்கிறாய்” என்று எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறோம்? அந்த வார்த்தை யாருடைய வார்த்தை? பன்னிரண்டாயிரம் பேரைத் தள்ளியவன் சொல்ல வேண்டியதை நாம் கூலியில்லாமல் சொல்கிறோம். கதவடைப்புக் காலத்தில் நாம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோமே, அப்போது நம் மனைவி மக்கள் நம்மை அப்படிச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் உறுதியாக நின்றிருப்போம்?

“அவன் நமக்காக அழுதானா?” என்று கேட்கும் தோழனுக்கும் ஒரு பதில் உண்டு. 1918-ம் ஆண்டு ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். அதற்கு வித்திட்ட செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் மில் தொழிலாளிகள் அல்லர். பெரம்பூரில் வியாபாரம் செய்தவர்கள். தலைவராக வந்த பி.பி. வாடியாவும், துணை நின்ற திரு.வி.க.வும் தறி ஓட்டியவர்கள் அல்லர். அன்று அவர்கள் “மில்காரன் அழுதால் நமக்கென்ன?” என்று கேட்டிருந்தால் நமக்குச் சங்கம் ஏது? அன்று வெளியிலிருந்து ஒரு கை நீண்டது. இன்று நீட்ட வேண்டியது நம்முடைய கை. அதிலும் இது வெளியாள்கூட அல்ல. நாம் பெற்ற பிள்ளை.

எதிர்த்தவர்கள் வென்றதும் உண்டு

எதிர்த்து நின்றால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நம் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 2014-ம் ஆண்டின் கடைசியில் டி.சி.எஸ். ஆட்களை வெளியேற்றத் தொடங்கியது. ஒரு கர்ப்பிணி ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 ஜனவரியில் இடைக்காலத் தடை கிடைத்தது. கம்பெனி அந்த நீக்க உத்தரவை வாபஸ் வாங்கிற்று. 2016-ல் தமிழ்நாட்டு சர்க்கார், சாப்ட்வேர் ஊழியரும் தொழிற்சங்கம் அமைக்கலாம், தொழிலாளர் சட்டம் அவர்களையும் தொடும் என்று தெளிவுபடுத்தியது. 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவாயிற்று.

அதே சமயம் எதிரியும் சும்மா இல்லை. 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. முன்பு 100 தொழிலாளர் உள்ள ஆலை ஆட்குறைப்புச் செய்ய சர்க்காரின் அனுமதி வேண்டும். இப்போது 300 பேருக்குக் கீழே இருந்தால் அனுமதியே வேண்டாம். வேலை நிறுத்தத்துக்கோ எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். துரத்துகிறவனுக்குக் கேள்வி இல்லை, துரத்தப்படுகிறவனுக்கு நோட்டீசு! திருமுடிவாக்கத்துச் சின்னப் பட்டறைத் தொழிலாளிக்கும் தரமணிப் பொறியாளருக்கும் ஒரே கத்திதான் தீட்டப்படுகிறது.

ஆகவே நாம் கோருகிறோம்:

வேலை உத்தரவு கொடுத்த தேதியில் சேர்க்காவிட்டால், காத்திருக்கும் காலத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். மிரட்டி வாங்கிய ராஜினாமாவை ஆட்குறைப்பாகவே கருதி நஷ்டஈடு தர வேண்டும். கூலியில்லா மாதிரி வேலை வாங்குவதைத் தடை செய்ய வேண்டும். பேட்டி கண்டவனுக்கு முடிவை எழுத்தில் சொல்ல வேண்டும். வேலை கிடைக்கும்வரை கல்விக் கடன் வசூலையும் வட்டியையும் நிறுத்தி வைக்க வேண்டும். சர்க்கார் இலாகாக்களில் காலியாகக் கிடக்கும் இடங்களை நிரப்ப வேண்டும். முன்பணம் பறிக்கும் ஏஜெண்டுகளைச் சிறையில் போட வேண்டும்.

இவற்றை நாளைக்கே யாரும் தட்டில் வைத்துத் தரமாட்டார்கள். ஆனால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் நம் சங்கக் கட்டிடம் இருக்கிறது. விளக்கும் மின்விசிறியும் நாலு நாற்காலியும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து வையுங்கள். வேலை தேடும் பிள்ளைகள் அங்கே வந்து உட்காரட்டும். எந்தக் கம்பெனி பதில் போடவில்லை, எந்த ஏஜெண்டு பணம் பறித்தான், எவன் ராஜினாமா எழுதச் சொன்னான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும். தனக்கு மட்டும் நடந்தது என்று ஒவ்வொருவனும் ஒளித்து வைத்திருந்தது எல்லாருக்கும் நடந்திருக்கிறது என்று அங்கேதான் தெரியும். தெரிந்த நிமிஷத்தில் வெட்கம் பாதி போய்விடும். மீதிப் பாதி கோபமாக மாறும்.

இரவு ஷிப்டு முடித்து வீட்டுக்குப் போகும் தோழனே! நாளைக் காலையில் ஜன்னலில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால், பார்க்காதவனைப்போல் போய்விடாதே. பிள்ளையின் பக்கத்தில் உட்கார். இரண்டு டம்ளர் டீ போடச் சொல். “உன் மேல் குற்றம் இல்லையடா” என்று உன் வாயால் சொல். பிறகு அவனைச் சங்கத்துக்கு அழைத்து வா.

வேலை கேட்பது பிச்சை கேட்பதல்ல. உழைக்கத் தயாராக நிற்கும் கைக்கு வேலை தராத சமுதாயம்தான் வெட்கித் தலை குனிய வேண்டும்!